க்யூ6600, 400 × 9: கடைசி இரண்டு கோர்கள் மட்டும் விழுகின்றன. ஜி.டி.எல். ரெஃபரன்ஸைத் தொடலாமா?

ஊத்துக்குளி வெண்ணெய் (திருப்பூர்)

வணக்கம். அவிநாசி சாலையில் ஒரு பனியன் நிறுவனம் தன் டிசைன் அறையைக் காலி செய்தபோது, பழைய இரும்புக்காரருக்குப் போகவிருந்த ஒரு கணினியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். உள்ளே இன்டெல் கோர் 2 குவாட் க்யூ6600, ஜி0 ஸ்டெப்பிங். பி35 சிப்செட் மதர்போர்டு. டிடிஆர்2-800 ரேம், 2 ஜிபி வீதம் இரண்டு. பிழைப்புக்கு வேறு கணினி இருக்கிறது. இது முழுக்க ஆசைக்கு. 2007இல் கோவை கிராஸ்கட் சாலைக் கடைகளில் இந்த பிராசசரின் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் பஸ் ஏறியவர்களில் நானும் ஒருவன்.

இப்போது ஓவர்கிளாக் செய்து (இயல்பைவிட வேகமாக ஓட்டி) 400 × 9இல் நிற்கிறது. அதாவது எஃப்.எஸ்.பி. (பிராசசரை நார்த்பிரிட்ஜோடு இணைக்கும் பஸ்) 400 மெகாஹெர்ட்ஸ், பெருக்கெண் 9, ஆக 3.6 கிகாஹெர்ட்ஸ். கோர் மின்னழுத்தம் 1.40. எஃப்.எஸ்.பி. டெர்மினேஷன் (அந்தக் கம்பிகளின் முனையில் தரும் மின்னழுத்தம்) 1.20. நார்த்பிரிட்ஜ் (பிராசசரையும் ரேமையும் இணைக்கும் சில்லு) 1.40. ரேம் 1:1 விகிதத்தில் 800, 5-5-5-15. பிரைம்95 என்ற சோதனை மென்பொருளில் ஸ்மால் எஃப்.எஃப்.டி. சோதனை இரவு முழுவதும் ஓடுகிறது. அப்போது கோர்களின் வெப்பம் 66 டிகிரி. அதிலேயே பிளெண்ட் என்ற சோதனையைப் போட்டால்தான் வம்பு. அரை மணி நேரத்துக்குள் மூன்றாவது அல்லது நான்காவது ஒர்க்கர் (கோருக்கு ஒன்று) "ரவுண்டிங் 0.5, 0.4க்குக் குறைவாக இருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. முதல் இரண்டு ஒர்க்கர்கள் அசைவதே இல்லை. கோருக்கு 1.45 வரை கொடுத்துப் பார்த்தேன், எந்த மாற்றமும் இல்லை. பயாஸில் ஜி.டி.எல். ரெஃபரன்ஸ் என்று 0 முதல் 3 வரை நான்கு வரிகள் இருக்கின்றன. எல்லாம் ஆட்டோவில். அவற்றில் கை வைக்கலாமா?

நாமக்கல் முட்டை

கை வைக்கலாம். கை வைப்பதற்கு முன் ஒன்றை யோசிக்கவும். இன்று கடையில் கிடைக்கும் மிக மலிவான பிராசசரே இதை ஒரு கையால் தூக்கிப் போட்டுவிடும், அதுவும் பாதி மின்சாரத்தில். 95 வாட் என்று அட்டையில் போட்டிருந்த காலத்துச் சில்லு இது; 3.6இல் அதைவிட எவ்வளவோ அதிகம் குடிக்கும். மின்கட்டணம் கட்டுவது யார்?

ஊத்துக்குளி வெண்ணெய் (திருப்பூர்)

அப்பா கட்டுகிறார், அண்ணா. அவரிடம் இந்த இழையைக் காட்டிவிட வேண்டாம்.

பட்டறைக்காரர் (கணபதி, கோவை)

தம்பி, முதலில் கோர் மின்னழுத்தத்தை 1.40க்கே இறக்கிவிடு. ஸ்மால் எஃப்.எஃப்.டி. இரவு முழுவதும் தாங்குகிறது என்றால் கணக்குப் போடும் பகுதிக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று பொருள். அந்தச் சோதனை கேஷுக்குள்ளேயே சுற்றிவரும். பிராசசரை விட்டு வெளியே போகும் கம்பிகளை ஏறக்குறையத் தொடாது. பிளெண்ட் ரேம் வரை போய்த் திரும்பும். உள்ளே நலமாக இருந்து வெளியே போகும்போது மட்டும் தடுமாறுகிற பிராசசருக்குக் கோர் மின்னழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவதால் சூடு மட்டும்தான் கூடும்.

அடுத்து, ஏன் கடைசி இரண்டு கோர்கள் மட்டும்? க்யூ6600 என்பது ஒற்றைச் சில்லு அல்ல. தனித்தனியான இரண்டு டைகளை (சிலிக்கான் துண்டுகளை) ஒரே மூடிக்குள் வைத்து விற்றார்கள். ஒவ்வொரு டையிலும் இரண்டு கோர், 4 எம்பி கேஷ். இரண்டு டைகளும் ஒரே எஃப்.எஸ்.பி. கம்பிகளில் தொங்குகின்றன. முதல் டையில் இருக்கும் கோர், இரண்டாவது டையில் இருக்கும் கோரின் கேஷிலிருந்து ஒன்றை வாங்க வேண்டுமானாலும் வெளியே வந்து அந்தக் கம்பி வழியாகத்தான் போக வேண்டும். நார்த்பிரிட்ஜையும் சேர்த்தால் ஒரே கம்பியில் மூன்று பேர். இரட்டைக் கோர் பிராசசர்கள் இந்த வேகத்தைச் சிரமமில்லாமல் தாண்டுவதும், குவாட்கள் மூச்சு வாங்குவதும் இதனால்தான்.

உன் டைகளில் ஒன்று கம்பியில் வருவதைச் சரியாகப் படிக்கிறது, இன்னொன்று அவ்வப்போது தவறாகப் படிக்கிறது. எதை வைத்துப் படிக்கிறது என்பதுதான் நீ கேட்ட நான்கு வரிகள்.

ஜி.டி.எல். என்பது கன்னிங் டிரான்சீவர் லாஜிக். ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் இருந்த வில்லியம் கன்னிங் வகுத்த முறை, பெயரும் அவருடையதே. இன்டெல் அதைச் சற்று மாற்றி 1995இல் பென்டியம் ப்ரோவில் எடுத்துக்கொண்டது, எல்.ஜி.ஏ.775 வரை அதே வம்சம்தான். ஏற்பாடு எளிமையானது. யாரும் தொடாதபோது கம்பி ஒரு தடையின் வழியாக டெர்மினேஷன் மின்னழுத்தத்துக்கு இழுக்கப்பட்டு மேலே நிற்கும். அனுப்புகிற சில்லு தன் டிரான்சிஸ்டரைத் திறந்து தரையை நோக்கி இழுத்தால் கீழே இறங்கும். மேலே தள்ளுவதற்கென்று தனி டிரான்சிஸ்டர் தேவையில்லை. கையை விட்டால் தானாக ஏறிவிடும்.

வாங்குகிற சில்லு, கம்பியில் இருக்கும் அளவை ஒரு நிலையான அளவோடு ஒப்பிடும். அதற்கு மேலே என்றால் உயர்நிலை, கீழே என்றால் தாழ்நிலை. அந்த நிலையான அளவுதான் ரெஃபரன்ஸ். தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டரில் தாழ்மின்னழுத்த ரிலேயை எந்த அளவில் வைக்கிறோம் என்பதைப் போன்றது இது. வழக்கமாக வரும் மின்னழுத்தத்துக்கு ஒட்டி வைத்தால் சின்ன ஆட்டத்துக்கெல்லாம் ரிலே படபடவென்று அடித்துக்கொள்ளும். மிகத் தள்ளி வைத்தால் மோட்டார் கருகும்வரை வெட்டாது.

பல போர்டுகளில் 0ஆம் வரியும் 2ஆம் வரியும் தரவுக் கம்பிகளுக்கு, 1ஆம் வரியும் 3ஆம் வரியும் முகவரிக் கம்பிகளுக்கு. 0, 1 முதல் டைக்கு. 2, 3 இரண்டாவது டைக்கு. உன் போர்டின் கையேட்டில் ஒருமுறை சரிபார்த்துக்கொள். எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒரே பெயரை வைப்பதில்லை; சிலர் 0.63, 0.61 என்று பெருக்கெண் தருவார்கள், சிலர் மில்லிவோல்ட்டில் கூட்டல் கழித்தல் தருவார்கள். இன்னும் சிலர் வெறும் எண்ணைப் போட்டுவிட்டு அர்த்தத்தை நம் தலையெழுத்துக்கு விட்டுவிடுவார்கள்.

சிற்றோடை (பீளமேடு)

ஐயா சொன்னதற்கு எண்கள் போட்டுப் பார்க்கலாம். மின்னணுவியல் படிக்கிறேன், இந்த மாதிரிக் கணக்கு வந்தால் விடமாட்டேன்.

கம்பியின் இரு முனைகளிலும் 50 ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். இழுக்கிற டிரான்சிஸ்டருக்கு இரண்டும் பக்க இணைப்பாகத் தெரியும், ஆக 25 ஓம். டிரான்சிஸ்டர் திறந்திருக்கும்போது அதன் தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். டெர்மினேஷன் 1.20 வோல்ட் என்றால் தாழ்நிலை பூஜ்ஜியம் ஆகாது: 1.20 × 10 ÷ 35, அதாவது சுமார் 0.34 வோல்ட். உயர்நிலை 1.20, தாழ்நிலை 0.34, நடுப்புள்ளி 0.77. இதை 1.20ஆல் வகுத்தால் 0.64.

இப்போது பயாஸ் வரிகளைப் பாருங்கள். 0.63 முதல் 0.67 வரை என்று இன்டெல் வைத்திருக்கும் பெருக்கெண் ஏதோ மந்திர எண் அல்ல, ஏறக்குறைய இந்த நடுப்புள்ளிதான். பழைய ஜி.டி.எல். தரத்தில் 1.2 வோல்ட் டெர்மினேஷன், 0.4 வரை தாழ்நிலை, 0.8 ரெஃபரன்ஸ். மூன்றில் இரண்டு பங்கு. பென்டியம் ப்ரோவில் 1.5க்கு 1.0. அதுவும் மூன்றில் இரண்டு பங்கு.

காலத்தையும் பார்க்க வேண்டும். எஃப்.எஸ்.பி. ஒரு கடிகாரத் துடிப்புக்கு நான்கு முறை தரவு அனுப்பும். இந்த பிராசசரின் இயல்பான 266இல் ஒரு பிட்டுக்கு 0.94 நானோநொடி கிடைக்கும்; 400இல் 0.625 மட்டுமே. முகவரிக் கம்பிகள் துடிப்புக்கு இரண்டு முறைதான், அவற்றுக்கு 400இலும் 1.25 நானோநொடி இருக்கிறது. எனவே முதலில் தவறப்போவது தரவுதான். ஊத்துக்குளி அண்ணா, நான் உங்கள் இடத்தில் இருந்தால் 2ஆம் வரியை மட்டும் தொடுவேன். மற்ற மூன்றும் அப்படியே.

சோமனூர்த் தறி

எல்லாம் சரி, கணக்கைவிட முன்னால் சுவரில் வரும் கரண்டைப் பார்க்க வேண்டாமா? எங்கள் ஊரில் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் தறிகள் மொத்தமாகக் கிளம்பும்போது குழல்விளக்கு ஒருமுறை கண் சிமிட்டும். திருப்பூரிலும் நிலைமை அப்படித்தான் இருக்கும். 2012இல் பாதி நாள் மின்வெட்டு இருந்தபோது ஜெனரேட்டரில் ஓட்டிய கணினிகள் எப்படித் தவித்தன என்று எங்களுக்குத் தெரியும். ஸ்டெபிலைசர் வைத்துவிட்டுப் பிறகு ஜி.டி.எல்.லைப் பற்றிப் பேசலாம் என்பது என் கருத்து.

பட்டறைக்காரர் (கணபதி, கோவை)

தறிக்காரரே, உங்கள் கவலை நியாயமானதுதான். ஆனால் இங்கே அது பொருந்தாது. நல்ல எஸ்.எம்.பி.எஸ். (கணினியின் மின்வழங்கி) என்றால் உள்ளே வரும் 230 சற்று இறங்கினாலும் வெளியே 12 வோல்ட் அசையாது. மின்சாரம் முற்றிலும் நின்றாலும் முழுச் சுமையில் 16 மில்லிநொடி அளவுக்குத் தாங்கும்படிதான் ஏ.டி.எக்ஸ். வகை வடிவமைப்பு. அதற்குப் பிறகு மதர்போர்டில் இருக்கும் ரெகுலேட்டர்கள் அந்த 12 வோல்ட்டையும் மற்ற தடங்களையும் இறக்கி, பிராசசருக்கு வேண்டியதைத் தருகின்றன. சுவர் ஆட்டம் இத்தனையையும் தாண்டி வந்தால் கணினி மொத்தமாக அணையும் அல்லது மறுதொடக்கம் ஆகும். ஒவ்வொரு முறையும் மூன்றாவது, நான்காவது கோரை மட்டும் தேடிப்பிடித்து அடிக்காது.

எர்த் சரியாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் உங்களோடு நிற்கிறேன். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறதா தம்பி? இருந்தால் ஓவர்கிளாக்கை மூட்டை கட்டிவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடு.

ஊத்துக்குளி வெண்ணெய் (திருப்பூர்)

எர்த் நன்றாக இருக்கிறது ஐயா, வீடு கட்டும்போதே குழி தோண்டிப் போட்டது. என் போர்டில் மில்லிவோல்ட் கணக்கு. 10 மில்லிவோல்ட் வீதம் கூட்டலாம், கழிக்கலாம். ஆட்டோவில் நான்கு வரிகளும் 756 மில்லிவோல்ட் காட்டுகின்றன.

சிற்றோடை (பீளமேடு)

756 என்றால் 1.20 × 0.63. தொடங்க நல்ல இடம்.

கரூர் வெயில்

வெப்பத்தை யாரும் பேசவில்லையே. கோவைக்காரர்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்து விசிறிவிடுகிறது. கரூரில் மே மாதம் அறைக்குள்ளேயே 38. மார்கழியில் ஒழுங்காக ஓடிய அமைப்பு சித்திரையில் படுத்துவிடும். இதே பி35 சிப்செட்டில் நான் பார்த்தது. கோர் வெப்பத்தை மட்டும் எல்லோரும் பார்க்கிறார்கள். நார்த்பிரிட்ஜின் மேல் விரலை வைத்துப் பாருங்கள். 1.40 கொடுத்திருக்கிறீர்கள், பி35க்கு இயல்பாகத் தேவை 1.25தான். தனியாக ஒரு சின்ன மின்விசிறி அதன் மேல் வீசட்டும்.

சிற்றோடை (பீளமேடு)

கரூர் அண்ணா சொல்வதற்குக் காரணம் உண்டு. சூடு ஏறினால் டிரான்சிஸ்டரின் தடையும் ஏறும். மேலே போட்ட கணக்கில் 10 ஓமுக்குப் பதில் 12 ஓம் என்று போட்டால் தாழ்நிலை 0.34இலிருந்து 0.39க்கு ஏறிவிடுகிறது, நடுப்புள்ளியும் கூடவே மேலே போகிறது. இதை ஈடுசெய்யும் ஏற்பாடு சில்லுக்குள் ஓரளவு உண்டு. ஆனால் 400இல் நாம் ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறோம், அந்த மிச்சமும் தேவைப்படும்.

பட்டறைக்காரர் (கணபதி, கோவை)

அம்மணி கணக்கில் கெட்டி. இனி வேலையைப் பார்ப்போம்.

ரெஃபரன்ஸைத் தொடும் முன் ரேமைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டும். கோரின் பெருக்கெண்ணை 9இலிருந்து 6க்கு இறக்கி, எஃப்.எஸ்.பி.யை 400இலேயே விட்டு மெம்டெஸ்ட் ஓடட்டும். கோர் 2.4இல் நிற்கும், அங்கே அதற்கு எந்தச் சிரமமும் கிடையாது. நார்த்பிரிட்ஜின் உள் தாமதத்தைத் தீர்மானிக்கும் டி.ஆர்.டி. என்ற வரி இருக்கும். சில போர்டுகளில் பெர்ஃபார்மன்ஸ் லெவல் என்று பெயர். அது ஆட்டோவில் மிக இறுக்கமாக அமர்ந்துவிட்டால் ஜி.டி.எல். கோளாறு போலவே வேடம் போடும். 8க்குத் தளர்த்தி வை, பிறகு இறுக்கிக்கொள்ளலாம்.

அதே 6 × 400இல் பிளெண்டையும் ஓட்டு. அங்கேயும் இரண்டாவது டைதான் விழுகிறது என்றால் கோர் வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, பஸ்தான் குற்றவாளி. இந்த ஒரு சோதனையைப் பலர் செய்வதே இல்லை. 3.6இலேயே நின்றுகொண்டு பத்துத் திருகுகளை ஒரே நேரத்தில் திருகிவிட்டு எது பலித்தது என்று கேட்பார்கள்.

பிறகு 2ஆம் வரியை மட்டும் 10 மில்லிவோல்ட் வீதம் ஏற்று. ஒரு கட்டத்தில் பிழை நின்றுவிடும். நின்றவுடன் அங்கேயே தங்கிவிடாதே. இன்னும் ஏற்றிக்கொண்டே போ. மேலே எங்கோ மீண்டும் விழ ஆரம்பிக்கும். கீழ் எல்லை ஒன்று, மேல் எல்லை ஒன்று. இரண்டுக்கும் நடுவில் வை. ஏற்றும்போது நிலைமை மோசமானால் திசையை மாற்று. உன்னுடையதைப் போன்ற 65 நானோமீட்டர் குவாட்கள் பெரும்பாலும் சற்று மேலே கேட்கும் என்பது என் பட்டறை அனுபவம், அது உன் பிராசசருக்கு விதி ஆகாது.

பொள்ளாச்சி இளநீர்

டெர்மினேஷனை 1.30க்கு ஏற்றினால் ஒரே அடியில் தீர்ந்துவிடும். எதற்கு இவ்வளவு சுற்று? ஆனால் ஏற்றும்போது ரெஃபரன்ஸைப் பழைய அளவிலேயே, அதாவது 0.756 வோல்ட்டிலேயே, பிடித்து வைக்க வேண்டும். பெருக்கெண்ணை 0.58க்கு இறக்கினால் போதும். இல்லாவிட்டால் கோடும் கூடவே ஏறிப்போய்விடும்.

சிற்றோடை (பீளமேடு)

இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. டெர்மினேஷனை ஏற்றினால் உயர்நிலை மட்டும் ஏறுவதில்லை. தாழ்நிலையும் அதே விகிதத்தில் ஏறும்: 1.30 × 10 ÷ 35 என்றால் 0.37. நடுப்புள்ளி 0.84. விகிதம் அதே 0.64. ரெஃபரன்ஸை விகிதமாக வைத்ததற்குக் காரணமே அதுதான். 0.756இல் பிடித்து வைத்தால் மேலே 0.54 வோல்ட் இடமும் கீழே 0.38 வோல்ட் இடமும் இருக்கும். தாழ்நிலையைப் படிப்பதில்தான் தவறு வரும்.

பொள்ளாச்சி இளநீர்

காகிதத்தில் சரி. என் 45 நானோமீட்டர் குவாட்டில் டெர்மினேஷனை ஏற்றிவிட்டுப் பெருக்கெண்ணைக் குறைத்தபோதுதான் நின்றது. கணக்கு சொல்வதை என் போர்டு கேட்கவில்லை.

பட்டறைக்காரர் (கணபதி, கோவை)

இரண்டு பேரும் சொல்வதில் விஷயம் இருக்கிறது. அம்மணியின் கணக்கு நேர்மின்னோட்டத்துக்கு. கம்பியில் சிக்னல் பறக்கும்போது எதிரொலி இருக்கிறது, பக்கத்துக் கம்பியின் தொந்தரவு இருக்கிறது. மேலே ஏறும் விளிம்பு தடையின் தயவில் ஏறுகிறது, கீழே இறங்கும் விளிம்பை டிரான்சிஸ்டர் இழுத்துப் பிடித்து இறக்குகிறது. இரண்டும் ஒரே சரிவில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதிவேகத்தில் பிழையில்லாமல் படிக்க முடிகிற இடைவெளியின், அதாவது சன்னலின், நடு, காகிதத்து நடுவுக்குச் சற்று மேலேயோ கீழேயோ தள்ளிப் போகும். பொள்ளாச்சிக்காரருக்கு அது கீழே போயிருக்கிறது. ஆனால் அதை எல்லோருக்குமான விதியாக ஆக்கிவிட வேண்டாம். அலைக்காட்டி இல்லாதவனுக்குப் பிரைம்95தான் அலைக்காட்டி.

டெர்மினேஷனை முதலிலேயே ஏற்றுவதில் எனக்கு விருப்பம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரெஃபரன்ஸை நகர்த்துவதால் எதுவும் கருகாது; தவறாக வைத்தால் கணினி எழும்பாது, அவ்வளவுதான், பயாஸை அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். டெர்மினேஷன் அப்படி அல்ல. அது சில்லுக்குள் பாயும் மின்னோட்டத்தைக் கூட்டுகிறது. செலவில்லாத திருகை முதலில் திருக வேண்டும்.

ஊத்துக்குளி வெண்ணெய் (திருப்பூர்)

நடந்ததை எழுதுகிறேன்.

மெம்டெஸ்டில் ஒரு பிழையும் இல்லை. 6 × 400இல் பிளெண்ட் போட்டேன்: அங்கேயும் அதே மூன்றாவது ஒர்க்கர் நின்றது. கோர் வெறும் 2.4இல், 52 டிகிரியில் இருக்கும்போது. அதைப் பார்த்த பிறகு பட்டறைக்கார ஐயா சொல்வதில் சந்தேகமே இல்லை.

2ஆம் வரியை மட்டும் ஏற்றினேன். 10 கூட்டியபோது விழுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டது. 20இல் இன்னும் தாமதம். 30க்கு மேல் பிழை இல்லை. ஐயா சொன்னபடி நிற்காமல் ஏறினேன். 70 வரை தாங்கியது, 80இல் விண்டோஸ் எழும்பும்போதே நீலத்திரை. இப்போது 50இல் வைத்திருக்கிறேன், அதாவது 806 மில்லிவோல்ட். விகிதமாகச் சொன்னால் 0.67. மற்ற மூன்று வரிகளும் ஆட்டோவின் 756இலேயே இருக்கின்றன.

9 × 400, கோர் 1.40, டெர்மினேஷன் 1.20. நேற்று இரவு போட்ட பிளெண்ட் இதை எழுதும்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது, நான்கு ஒர்க்கர்களும். நார்த்பிரிட்ஜுக்கு மேல் ஒரு 80 மில்லிமீட்டர் மின்விசிறியைக் கட்டுக்கம்பியால் கட்டியிருக்கிறேன். பார்க்கச் சகிக்காது, ஆனால் அதை 1.34க்கு இறக்க முடிந்தது.

கீழ்ப்பக்கம் மெதுவாகப் பிழை வந்தது, மேல்பக்கம் உடனே விழுந்தது. ஏன் இந்த வித்தியாசம்?

சிற்றோடை (பீளமேடு)

நல்ல கவனிப்பு. சன்னலின் இரண்டு ஓரங்களும் ஒரே மாதிரி முடிவதில்லை. கம்பி மேலே ஏறியதும் சற்றுத் தாண்டிப் போய், பின் ஆடி அமர்கிறது. அந்த ஆட்டத்தின் பள்ளம் ரெஃபரன்ஸ் கோட்டைத் தொட ஆரம்பித்தால், அது எப்போதாவது நடப்பது அல்ல. ஒவ்வொரு ஏற்றத்திலும் நடக்கும். கீழ்ப்பக்கத்தில் எல்லாக் கம்பிகளும் ஒரே நேரத்தில் இறங்கும் மாதிரியான மோசமான சேர்க்கை வரும்போது மட்டும் தவறியிருக்கலாம். இது என் ஊகம். இதை உறுதியாகச் சொல்ல அலைக்காட்டியோடு உங்கள் வீட்டுக்கு வர வேண்டும்.

நாமக்கல் முட்டை

சரி, ஒப்புக்கொள்கிறேன், 6 × 400 சோதனை அழகு. ஆனாலும் மின்கட்டணம் மின்கட்டணம்தான்.

கோபி வாய்க்கால்

இதைப் படித்துவிட்டு என் பழைய போர்டைப் பரணிலிருந்து இறக்கினேன். அதன் பயாஸில் ஜி.டி.எல். வரியே கிடையாது. பென்சிலால் ஏதோ செய்வார்கள் என்று அந்தக் காலத்தில் படித்த நினைவு. 45 நானோமீட்டர் இரட்டைக் கோர், இ8400.

பட்டறைக்காரர் (கணபதி, கோவை)

கண்ணு, செய்வார்கள். ரெஃபரன்ஸ் என்பது இரண்டு தடைகளுக்கு நடுவிலிருந்து எடுக்கும் மின்னழுத்தம்தான். மேலே 57.6 ஓம், கீழே 100 ஓம், 100ஐ 157.6ஆல் வகுத்தால் 0.635. பென்சில் கரியை மேல் தடையின் மீது தேய்த்தால் அதன் மதிப்பு குறைந்து ரெஃபரன்ஸ் ஏறும், கீழ்த் தடையின் மீது தேய்த்தால் இறங்கும். தேய்த்துவிட்டு, கணினி அணைந்திருக்கும்போது மீட்டரில் தடையை அளக்க வேண்டும். ஆனால் எந்தத் தடை எது என்று சுற்று வரைபடம் இல்லாமல் கண்டுபிடிப்பது குருட்டு வேலை. கரி நாளாக ஆக உதிரும், ஈரம் பட்டால் மாறும். விளையாட்டுக்குச் சரி.

உனக்கு அது தேவைப்படாது என்றே நினைக்கிறேன். இ8400இல் ஒரே டை, அதனால் பஸ்ஸில் இரண்டு பேர்தான். 400ஐ ஆட்டோவிலேயே தாண்டும். ஒன்றை மட்டும் நினைவில் வை: 45 நானோமீட்டருக்கு டெர்மினேஷன் வரம்பு குறைவு. 65 நானோமீட்டரில் கோருக்கும் டெர்மினேஷனுக்கும் இன்டெல் போட்ட உச்ச வரம்பு 1.55, 45இல் அது 1.45. அதுவும் தாங்கும் எல்லைதானே தவிர, ஓட்ட வேண்டிய அளவு அல்ல. பொள்ளாச்சிக்காரர் மாதிரி எடுத்த எடுப்பில் 1.30க்குப் போகாதே.

பொள்ளாச்சி இளநீர்

என்னை உதாரணம் ஆக்கிவிட்டீர்கள். என் பிராசசர் இன்றும் உயிரோடுதான் இருக்கிறது, ஐயா.

கோபி வாய்க்கால்

இன்னொரு கேள்வி. இதெல்லாம் 2008 நவம்பரில் கோர் ஐ7 வந்தபோதே முடிந்த கதை இல்லையா? அதில் எஃப்.எஸ்.பி.யே கிடையாதே. இப்போது டிடிஆர்4 அமைப்பில் ரேமை ஏற்றுகிறவர்களுக்கு இந்த அறிவு எதற்காவது பயன்படுமா?

சிற்றோடை (பீளமேடு)

நேரடியாகவே பயன்படும். டிடிஆர்3 வரை ரேமின் ரெஃபரன்ஸ் சரிபாதி: 1.5 வோல்ட்டுக்கு 0.75, போர்டிலிருந்தே வரும். டிடிஆர்4இல் தரவுக் கம்பிகளை மேல் மின்னழுத்தத்துக்கு இழுத்து நிறுத்தும் முறைக்கு மாறினார்கள். அதாவது நம் ஜி.டி.எல்.லின் தூரத்துச் சொந்தம். உயர்நிலை உச்சத்தில் நிற்கும், தாழ்நிலை பூஜ்ஜியம் வரை போகாது, எனவே நடுப்புள்ளி பாதிக்கு மேலே. அது எங்கே என்பது ஒவ்வொரு போர்டிலும் மாறும் என்பதால் தரவுக்கான ரெஃபரன்ஸைச் சில்லுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். இரண்டு வரம்புகள் உண்டு: ஒன்று 60 முதல் 92.5 சதவீதம் வரை, மற்றொன்று 45 முதல் 77.5 வரை. ஒரு படிக்கு 0.65 சதவீதம்.

கணினி எழும்பும்போது ரேம் பயிற்சி என்று நேரம் எடுத்துக்கொள்கிறதே, அதில் ஒரு பகுதி இந்த வேலைதான். படிப்படியாக ரெஃபரன்ஸை நகர்த்தி, எங்கே பிழை வருகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்து நடுவில் வைக்கிறது. ஊத்துக்குளி அண்ணா இரவெல்லாம் கையால் செய்ததை அது சில நொடிகளில் செய்கிறது. பயிற்சி முடிந்தும் குறிப்பிட்ட ஒரு வேகத்துக்கு மேல் விழுகிறது என்றால், போர்டு எந்த எண்ணில் போய் அமர்ந்திருக்கிறது என்று பயாஸில் பாருங்கள். ஒவ்வொரு முறை எழும்பும்போதும் வேறு வேறு எண்ணில் அமர்கிறது என்றால் சன்னல் ஒடுங்கிவிட்டது என்று பொருள். வேகத்தைக் குறையுங்கள் அல்லது டெர்மினேஷன் தடைகளை மாற்றிப் பாருங்கள்.

கரூர் வெயில்

ஊத்துக்குளி தம்பி, அந்த 806ஐ ஏப்ரலில் மறுபடி சோதித்துவிட்டு இங்கே எழுதவும். அறையின் வெப்பத்தையும் சேர்த்து.

ஊத்துக்குளி வெண்ணெய் (திருப்பூர்)

எழுதுகிறேன் அண்ணா. இதற்கிடையில் 420 × 8க்கு ஏறிப் பார்த்தேன். 2ஆம் வரி 806இலேயே நிற்கிறது, ஆனால் இப்போது முதல் டையின் இரண்டாவது ஒர்க்கர் விழுகிறது. இனி 0ஆம் வரிக்குப் போக வேண்டும்.